நாலு விரல்

சத்தம் கேட்டபோது அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். வலது கால் பிரேக்கில் இல்லை. இருக்கைக்கு அடியில் செருகியிருந்த பாட்டிலை எடுக்கக் குனிந்தபோது கால் தானாக விலகியிருந்தது. பாறை ஏற்றத்தின் நடுவில் ஜீப் ஆகக் குறைந்த கியரில் நின்றது. என்ஜினை அணைத்திருந்தாள். ஜீப்பில் பாறையேறும் எல்லாரும் அப்படித்தான் நிறுத்தி மூச்சு வாங்குவார்கள். கியர் பிடிக்கும். சுவரில் பல்லி மாதிரி வண்டி ஒட்டிக்கொண்டு நிற்கும். இத்தனை வருஷமாக நின்றிருக்கிறது.

அவள் காலுக்குக் கீழே டமாரென்று ஏதோ வெடித்தது. ஜீப் பின்னால் போனது. அதிக தூரமில்லை, ஒரு முழம் இருக்கும். அவள் முழு உடம்பையும் வலது காலில் இறக்கியபோது வண்டி ஏற்கெனவே எதிலோ முட்டி நின்றிருந்தது. பாறையில் முட்டினால் கூரைக்குப் பதிலாகப் பற்றவைத்திருக்கும் குழாய்க் கூண்டு முழுவதும் கிண்ணென்று அதிரும். இப்போது அதிரவில்லை.

பாட்டில் வெளியே விழுந்து, பாறைக்குப் பாறை தட்டிக்கொண்டு கீழே உருண்டு போனது. அது நிற்கிற வரைக்கும் வேறு சத்தமே இல்லை.

"யோவ்" என்றாள். "யோவ், போலீஸ்."

கூண்டின் இடது குழாயில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி இருந்தது. அதில் பார்த்தாள். பின்சக்கரத்துக்கு மேலே அவனுடைய பழைய நீலத் தொப்பி தெரிந்தது. தொப்பிக்குப் பக்கத்தில் ஒரு கை மேலே வந்தது. விரல்கள் மூடியிருந்தன.

மூடிய கை என்றால் நில்.

அவள் நின்றாள்.

போலீஸ் என்பது பாறையேறும் ஜீப் குழுவில் அவள் புருஷனுக்கு வைத்த பேர். அவன் போலீஸ் இல்லை. மீனும் இறைச்சியும் அடுக்கி வைக்கிற குளிர்க்கிடங்கில் இரவு வேலை பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்புக்கு முன்னால் பாறை மேல் நின்று, சந்தியில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் மாதிரி கை காட்டுவான். ஓட்டுகிறவளுக்கு முன்சக்கரம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. வானம்தான் தெரியும். எந்தக் கல்லில் சக்கரத்தை வைப்பது, எந்தக் கல்லை விடுவது என்பதெல்லாம் வெளியே நிற்கிறவன் கையில் இருக்கிறது. ஒரு வண்டிக்கு ஒரு கை. இது குழுவின் சட்டம். சுற்றி நின்று பத்துப் பேர் கத்தினாலும் ஓட்டுகிறவர் அந்த ஒரு கையைத்தான் பார்க்க வேண்டும். அவன் அடி, அங்குலம் பேசமாட்டான். விரல் அகலத்தைக் கணக்காக வைத்து விரல் காட்டுவான். இரண்டு விரல் இடது. மூன்று விரல் பின்னால். நாலு விரல் என்றால் அவனைப் பொறுத்தவரை தாராளமான இடம்.

இன்றைக்கு இடது பின்சக்கரம் இரண்டு தடவை வழுக்கியது. அவன் கையை மூடி அவளை நிறுத்திவிட்டு, சக்கரத்துக்கு அடியில் கல் கொடுக்கப் பின்னால் போனான். பின்னால் ஓர் ஆள் உயரப் பாறை. அதற்கும் சக்கரத்துக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்து, தட்டையான கல்லாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தான். "ஓட்டுற அழகுக்கு இந்த மலையையே பேத்து உனக்கு அடியில வெக்கணும் போல" என்று சொல்லிக்கொண்டே எழுந்தது அவளுக்குக் கேட்டது. அதற்குப் பதிலாக என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டேதான் பாட்டிலுக்குக் குனிந்தாள்.

"டிரைவரம்மா." இப்போது குரல் வந்தது. சாதாரணக் குரல். கடையிலிருந்து போன் செய்து வேறு ஏதாவது வாங்கணுமா என்று கேட்கிற மாதிரி. "கால எடுத்துடாத."

"எடுக்கல. எங்க மாட்டியிருக்க?"

"ரெண்டு தொடையும். டயருக்கும் பாறைக்கும் நடுவுல."

"வலிக்குதா?"

"டயர்ல காத்தைக் குறைச்சுவிட்டது நல்லதாப் போச்சு. மெத்து மெத்துன்னு இருக்கு."

"வலிக்குதான்னு கேட்டேன்."

"இல்ல" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அதான் எனக்கும் பிடிக்கல" என்றான்.

அவள் கைப்பிரேக்கை இழுத்துப் பார்த்தாள். அது எதையும் பிடிக்காமல் லொடக்கென்று மேலே வந்தது. கியர் தண்டும் குழம்பில் விட்ட கரண்டி மாதிரி ஆடியது. முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி உடைந்துவிட்டது என்று புரிந்தது. கைப்பிரேக்கும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. ஆக, வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது நாலு சக்கரத்தின் பிரேக். பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருப்பது அவள் கால். என்ஜின் ஓடாவிட்டால் பெடல் கல் மாதிரி இறுகிவிடும், இரண்டு மடங்கு அமுக்க வேண்டும். இது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஸ் டிப்போவில் பிரேக் பிரிவில்தான் அவளுக்கு வேலை.

என்ஜினைப் போடலாமா என்று நினைத்தாள். சாவி இருந்த பக்கம் கை போனது. அந்த உதறலில் வண்டி ஒரு நூல் அசைந்தாலும் அசைவது அவன் மேல். கையை எடுத்துக்கொண்டாள்.

மேலேயிருந்து கற்கள் சரிந்தன. கொழுந்தன் ஓடி வந்தான். அவனுடைய ஜீப் முன்னாலேயே ஏறி மேலே மேட்டில் நின்றது. கூட வந்த, ஒல்லி என்று குழுவில் கூப்பிடுகிற பையன் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து சறுக்கியே வந்தான்.

"அண்ணா! அய்யோ அண்ணா! அண்ணி, வண்டிய எடுங்க, முன்னால எடுங்க அண்ணி!"

"எதை வெச்சு எடுக்கறது? பெட்டி போச்சு" என்றாள்.

"கத்தாதடா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "ஒரு வண்டிக்கு ஒரு கை."

கொழுந்தன் பின்னால் போய்ப் பார்த்தான். கண்ணாடியில் அவன் முதுகு தெரிந்தது. அந்த முதுகு கொஞ்ச நேரம் அசையவே இல்லை. திரும்பி அவள் பக்கம் வந்தபோது முகத்தில் ஒன்றுமில்லை, வாய் மட்டும் லேசாகத் திறந்திருந்தது.

"எப்படி இருக்கு?"

"இருக்கு அண்ணி."

"ரத்தம்?"

"ரத்தமே இல்ல."

அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ஒல்லியின் போனில் சிக்னல் கோடு இல்லை. மற்ற இரண்டு போன்களிலும் இல்லை. பள்ளத்துக்குள் எதுவும் எடுக்காது, முகட்டுக்கு ஏற வேண்டும். ஒல்லி ஏறினான். கொழுந்தன் தன் ஜீப்பைத் திருப்பி நிறுத்தி, அதன் மூக்கில் மோட்டாரில் சுற்றியிருக்கும் இழுவைக் கயிற்றைக் கீழே கொண்டுவருவதற்குள் வெயில் பாறையின் பாதிக்கு வந்துவிட்டது. கயிற்றை அவளுடைய ஜீப்பின் முன்கொக்கியில் மாட்டினான். மறுபடி மேலே போய் இறுக்கினான். மறுபடி வந்தான். அவன் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர அவளுக்கு வேலை இல்லை. அவள் வேலை உட்கார்ந்திருப்பதுதான்.

வலது முழங்கால் நடுங்க ஆரம்பித்திருந்தது. இடது காலைத் தூக்கி வலது கால் மேல் வைத்து அமுக்கினாள்.

"என்ன சத்தம் அங்க?" என்றான் புருஷன்.

"ஒண்ணுமில்ல. கால் மாத்தி வெச்சேன்."

"மாத்தாத."

"மாத்தல. மேல வெச்சேன்."

"அப்ப சரி." பிறகு, "வேலைக்குச் சேர்ந்த புதுசுல இதானே பண்ண நீ" என்றான்.

அவளுக்கும் அதுதான் ஞாபகம் வந்திருந்தது. டிப்போவில் சேர்ந்த புதிதில் அவளுக்குக் கொடுத்த வேலை பெடலை மிதிப்பது. பஸ்ஸுக்கு அடியில் மெக்கானிக் படுத்திருப்பார். குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். "அமுக்கு" என்பார். அமுக்க வேண்டும். "பிடி" என்பார். பிடிக்க வேண்டும். "விடு" என்று அவர் சொல்கிற வரைக்கும் காலை எடுக்கக் கூடாது. சில சமயம் அவர் ஸ்பேனரைத் தேடிக்கொண்டு போய்விடுவார், டீ குடிக்கக்கூடப் போய்விடுவார். அவள் பிடித்துக்கொண்டே இருப்பாள். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அரசாங்கச் சம்பளம், ஒத்தக்கால் உத்தியோகம்" என்று ஊரெல்லாம் சொன்னான்.

"கால்ல உணர்ச்சி இருக்கா உனக்கு?" என்று கேட்டாள்.

"யாரு காலு?"

"உன் காலுதான்யா."

"அது வாடகைக்கு விட்ட வீடு மாதிரி. இருக்குன்னு தெரியுது. உள்ள என்ன நடக்குதுன்னு தெரியல."

கொழுந்தன் சிரித்துவிட்டான். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கீழே பாறை இடுக்கில் கிடந்த பாட்டிலை எடுத்து வந்தான். அதில் ஒரு மடக்குத் தண்ணீர் மிச்சமிருந்தது.

"உங்க பாட்டிலா அண்ணி?"

"ஆமா."

"மூடி எங்க?"

அப்போதுதான் அவள் தன் இடது கையைப் பார்த்தாள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விரல்களுக்கு நடுவில் மூடி நசுங்கி இருந்தது. கொழுந்தன் அதைப் பார்த்தான். பிறகு அவள் கால்களைப் பார்த்தான். அவன் கண் அங்கேயே கொஞ்சம் நின்றது. அவனும் வண்டி ஓட்டுகிறவன். இருக்கைக்கு அடியில் பாட்டிலுக்குக் குனிந்தால் கால் எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும்.

"அண்ணனுக்குக் குடுக்கறேன்" என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னால் போனான்.

தண்ணீரை விழுங்குகிற சத்தம் கேட்டது. கண்ணாடியில் புருஷனுடைய கண்ணைத் தேடினாள். அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாப் பிடிச்ச டிரைவரம்மா" என்றான். "சத்தம் வந்த உடனே பிடிச்ச. இல்லன்னா என்னைய சுவரொட்டிதான் ஆக்கியிருக்கும்."

அவள் நசுங்கிய மூடியை விரல்களுக்குள் இன்னும் இறுக்கினாள்.

கொழுந்தன் அவளிடம் வந்து கூண்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டான். "இழுத்துடலாம் அண்ணி. கயிறு ரெடி. ஒரு இழுப்பு. அண்ணன் வெளிய."

"இழு" என்று சொல்ல அவள் வாயெடுத்தபோது மேலேயிருந்து ஒல்லி கத்தினான். "இழுக்காத! டேய், இழுக்காத!"

அவன் விழுந்து எழுந்து வந்து சேர்ந்தான். மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னான். "ஆம்புலன்ஸ்ல பேசினேன். தொடை நசுங்கி ரொம்ப நேரமாச்சுன்னா அங்க ரத்தம் கெட்டுப்போயிருமாம். சட்டுன்னு எடுத்துவிட்டா அது அப்படியே நெஞ்சுக்கு ஏறிடுமாம். மருந்து ஏத்திட்டுத்தான் எடுக்கணுமாம். நாங்க வர்ற வரைக்கும் ஆளையும் அசைக்காத, வண்டியையும் அசைக்காதன்னு சொல்றாங்க."

"எப்ப வருவாங்க?"

"ரோடு வரைக்கும் வண்டி. அப்புறம் நடந்துதான்."

"அதுக்குள்ள..." என்று ஆரம்பித்த கொழுந்தன் நிறுத்திக்கொண்டான்.

"பின்ன? நான் இங்கயே குடித்தனம் வெக்கவா?" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. "என்னடா மூணு பேரும் குசுகுசுன்னு? கல்யாணத்துக்கு நாள் பாக்கறீங்களா?"

ஒல்லி பின்னால் போய் அவனுக்கும் சொன்னான். அவன் கேட்டுக்கொண்டான். "ம்" என்றான்.

"அண்ணி, நீங்க சொல்லுங்க" என்றான் கொழுந்தன். "இழுக்கவா, வேணாமா?"

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். கை எதுவும் வரவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு பாறையிலும் அவள் தானாக முடிவெடுத்ததில்லை. கை வரும், அவள் செய்வாள்.

"போலீஸ், என்ன பண்ணட்டும்?"

"எனக்குக் கீழ என்ன இருக்குன்னு எனக்கே தெரியல. நீ சொல்லு" என்றான்.

"இரு. அவங்க வரட்டும்" என்றாள்.

சொன்ன பிறகு அது வேறு யாரோ சொன்னது போல் இருந்தது.

கொழுந்தன் ஜாக்கிக் கம்பியைப் பெடலுக்கும் இருக்கைக்கும் நடுவில் முட்டுக்கொடுக்கலாமா என்று பார்த்தான். நீளம் போதவில்லை. ஒரு கட்டையைச் சேர்த்து வைக்கலாம் என்றான். "நழுவினா?" என்று கேட்டாள். அவன் கம்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மற்ற சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்துப் பார்த்தான், சரிவில் வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம் கயிற்றைப் பற்றிப் பேசினான். கயிறு இறுகித்தான் இருக்கிறது, ஆனால் முழு எடையும் விழுந்தால் கொஞ்சம் நீளும். அதற்கு மேல் இறுக்கினால் வண்டி முன்னால் நகர்ந்துவிடும். நகரக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

"எவ்வளவு நீளும்?"

அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நாலு விரல்."

ஆகவே அவள் காலை எடுக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். மலை, வெயில், வண்டி, அவன், எல்லாம் அந்த நாலு விரலில் வந்து நின்றது.

பிறகு நீளமான ஒரு நேரம். ஒல்லி வழி காட்ட ரோட்டுக்குப் போயிருந்தான். போகும்முன் அவளிடம் வந்து தயங்கி நின்றான். "அக்கா, முகட்டுல நிக்கும்போது உங்க மாமியார் போன் வந்துச்சு. மத்தியானம் சாப்பிட வந்துருவீங்களான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வந்துருவோம்னு சொல்லிட்டேன்."

திட்டுவாள் என்று நினைத்து நின்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கொழுந்தன் தன் சட்டையைக் கழற்றி அண்ணன் தலைக்கு மேல் நிழல் பிடித்து நின்றான். வண்டியின் எண்ணெய் எங்கோ சொட்டியது. சொட்டச் சொட்டப் புருஷன் பேசிக்கொண்டிருந்தான். வீட்டுக் குழாய் ஒழுகுவது பற்றி. நாளைக்கு அதன் வாஷரை மாற்றிவிடுவது பற்றி. "மாத்துவ மாத்துவ. அந்தக் குழாய் ஒழுகி ஒழுகிக் கீழ செடியே முளைச்சிருச்சு" என்றாள். "அப்ப குழாய மாத்தினா செடி செத்துருமே. பாவமில்லையா?" என்றான்.

"குளிருது" என்றான் அப்புறம்.

"இந்த வெயில்லயா?"

"உடம்பு பழகிடுச்சு போல. ராத்திரி பூரா ஐஸ்க்குள்ள நின்னுட்டு அப்படியே வந்தேன்ல."

எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் வருவான். வேலை முடிந்து நேராக. மீன் வாடையோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, மலை வரும்வரை வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். வண்டிகள் ஓய்வெடுக்கும்போது ஏதாவதொரு பாறை நிழலில் மறுபடி தூங்குவான். குழுவில் அவன் தூங்குகிற போட்டோக்களை மட்டும் தனியாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். செருப்பு மேல் தலை வைத்து, ஸ்டெப்னி மேல் தலை வைத்து, ஒரு தடவை ஒல்லியின் வயிற்றின் மேல்.

"தூக்கம் வருதுடி" என்றான்.

"தூங்காத."

"நைட் டூட்டி பாத்தவன்கிட்ட தூங்காதன்னா எப்படி? அஞ்சு நிமிஷம். கண்ணை மட்டும் மூடிக்கறேன்."

வீட்டிலும் இதையேதான் சொல்வான். அஞ்சு நிமிஷம் என்று சோபாவில் சாய்ந்தால் சாயங்காலம் ஆகும். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். தொப்பி பாறையில் சாய்ந்திருந்தது. முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. களைப்பான, ஷேவ் செய்யாத, வேலை முடிந்து வந்த முகம்.

"மூடிக்கட்டும் அண்ணி" என்றான் கொழுந்தன். "பேசிப் பேசிக் களைச்சிட்டாரு."

"ம்" என்றாள்.

அவன் தூங்கினான். அவளால் எட்டி அவன் தோளைத் தொட முடியாது. திரும்பிக்கூடப் பார்க்க முடியாது, வண்டி உதறியதில் நாலு பட்டை பெல்ட் இறுகிவிட்டிருந்தது. உள்ளங்கையை விடச் சின்னக் கண்ணாடியில் அவன் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறியது. இறங்கியது. அவள் கால் மரத்துப் போயிருந்தது. பெடல் அமுங்கித்தான் இருக்கிறதா என்று அடிக்கடி குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டாள். கண்ணாடி, கால். கண்ணாடி, கால்.

ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மூச்சிரைக்கிற நடுவயது அம்மா ஒருத்தி, மடித்த தூக்குப்படுக்கையோடு ஓர் இளைஞன். வழியில் சேர்த்துக்கொண்ட இன்னும் நாலைந்து பேர் ஒல்லியோடு வந்தார்கள். அந்த அம்மா நேராகப் பின்னால் போனாள்.

"எவ்வளவு நேரமாத் தூங்கறாரு?"

கொழுந்தன் நிமிர்ந்து வெயிலைப் பார்த்தான்.

"ஐயா. ஐயா! கண்ணைத் திறங்க!"

"போலீஸ்னு கூப்பிடுங்க, எழுந்துருவாரு" என்றான் ஒல்லி.

"போலீஸா? எந்த ஸ்டேஷன்?"

"மீன் ஸ்டேஷன்" என்றது தொப்பி. நாக்கு தடித்திருந்தது. ஆனால் அவன்தான். எல்லாரும் சிரித்தார்கள், தேவைக்கு மேல் சத்தமாக. அவளும் சிரித்தாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. கையில் ஊசி குத்தி, மருந்துப் பையைத் தலைக்கு மேல் பிடிக்கும்படி கொழுந்தனிடம் சொன்னாள். பிறகு அவளிடம் வந்தாள்.

"நீங்க யாரு அவருக்கு?"

"சம்சாரம்."

"அவ்வளவு நேரமும் இப்படியேவா இருக்கீங்க?" அந்த அம்மா அவள் கால்களைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் இருங்கம்மா. மருந்து உள்ள போகட்டும். அப்புறம் நான் சொன்னதும் இழுக்கலாம்."

"பிழைச்சுருவாரா?"

"முதல்ல எடுப்போம்" என்றாள் அந்த அம்மா.

மருந்துப் பை ஒல்லியின் கைக்கு மாறியது. கொழுந்தன் மேலே தன் ஜீப்புக்குப் போனான். கீழே எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். "ரெடியா? மெதுவா! இடது பக்கம் பாத்து! இரு, இரு, கயிறு!" அவளுக்கு எந்தக் குரலைக் கேட்பது என்று தெரியவில்லை. கண்ணாடியில் முதுகுகள்தான் தெரிந்தன.

முதுகுகளுக்கு மேலே ஒரு கை வந்தது.

ஊசி ஏற்றியிருந்த கை. பிளாஸ்டிக் குழாய் தொங்கியது. விரல்கள் மெதுவாக மடங்கி விரிந்தன. வா.

கீழே பேச்சு நின்றுவிட்டது. கயிறு முறுக்கேறி முனகியது. அவள் காலைத் தளர்த்தினாள், மயிரிழை அளவுக்கு. வண்டி முன்னால் நகர்ந்தது. வா என்றது கை. வா. நாலு விரல் காட்டியது. இன்னும் நாலு விரல். வா. பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது, அவன் பற்களுக்கு நடுவிலிருந்து. கை மட்டும் ஆடவில்லை. இன்னும் இரண்டு விரல். வா.

கை மூடியது. நில்.

அவள் மிதித்து நின்றாள். ஒரு பாறையில்கூட இவ்வளவு சுத்தமாக ஓட்டியதில்லை.

"அப்பாடா" என்று அவன் சொன்னது கேட்டது. கை முதுகுகளுக்குள் இறங்கிவிட்டது.

"வந்துட்டாரு! வெளிய வந்துட்டாரு அக்கா!" என்று ஒல்லி கத்தினான். யாரோ கை தட்டினார்கள். சக்கரத்துக்குப் பின்னாலேயே, பாறையை ஒட்டிய சரிவிலேயே, அவனைப் படுக்கவைத்தார்கள். நாலைந்து பேர் அவனைச் சுற்றி மண்டியிட்டிருந்தார்கள். அவள் காலை எடுத்தால் வண்டி நாலு விரலாவது அவர்கள் பக்கம் இறங்கும். அவள் எடுக்கவில்லை.

"நல்லா இருக்கியா?" என்று சத்தமாகக் கேட்டாள்.

அவன் என்னவோ சொன்னான். கேட்கவில்லை.

"என்ன சொல்றாரு?" என்றாள்.

"கால் எரியுதாம் அக்கா. நல்லதுதான், உணர்ச்சி வந்துருச்சு."

"தள்ளுங்க" என்றது அந்த அம்மாவின் குரல். முன்பிருந்த குரல் இல்லை. "தள்ளுங்க, காத்து விடுங்க. ஐயா. ஐயா, இங்க பாருங்க. தம்பி, அந்தப் பையத் திற. சீக்கிரம்."

அப்புறம் யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. மார்பை அமுக்குகிற சத்தம் கேட்டது. அந்த இளைஞன் எண்ணிக்கொண்டே அமுக்கினான். முப்பதுக்குப் போய் மறுபடி ஒன்றுக்கு வந்தான். முப்பதுக்குப் போய் மறுபடி ஒன்றுக்கு வந்தான். கொழுந்தன் மேலேயிருந்து அவளைத் தாண்டி ஓடினான், அவளைப் பார்க்காமல். ஒருவரோடொருவர் தோள் இடித்துக்கொண்டு நின்ற முதுகுகள் கண்ணாடியை நிறைத்திருந்தன. அவள் கழுத்தை எந்தப் பக்கம் சாய்த்தாலும் முதுகுதான் தெரிந்தது. பெல்ட்டைக் கழற்றினால் எட்டிப் பார்க்கலாம். உடம்பு திரும்பினால் கால் நழுவும்.

"யாராவது சொல்லுங்களேன்" என்றாள். அதைச் சத்தமாகச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

எண்ணுவது நின்றது.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். துணியை விரித்து மூடுகிற ஓசை கேட்டது. "ஒண்ணா தூக்குங்க, ஒண்ணா" என்று ஒரு குரல். பாறைகளுக்கு நடுவே பாரத்தோடு நடக்கிற கால்களின் சத்தம், கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிப் போனது. கண்ணாடியில் முதுகுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஒல்லி கடைசியாக நீலத் தொப்பியைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, அதைத் தலையில் வைக்க முடியாமல், கையில் தொங்கவிடவும் முடியாமல், மார்போடு பிடித்துக்கொண்டு போனான்.

அவளை மறந்துவிட்டார்கள்.

அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். வெயில் பாறையை முழுவதும் மூடிவிட்டு, இப்போது மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் சொட்டுவதும் நின்றிருந்தது.

கொழுந்தன் திரும்பி வந்தான். சட்டை இல்லாமல், முழங்காலெல்லாம் மண்ணாக. அவள் பக்கத்தில் வந்து, பெல்ட்டைக் கழற்றக் கையை நீட்டினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி. கால எடுங்க. கயிறு பிடிச்சுக்கும்."

அவள் எடுக்கவில்லை.

"பின்னால யாரும் இல்ல அண்ணி. எடுங்க."

அவன் வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனான். அவன் அண்ணன் வழக்கமாக நிற்கிற இடம் மாதிரி ஒரு பாறையைப் பார்த்து அதன் மேல் ஏறினான். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். அவன் ஓட்டுகிறவன், கை காட்டிப் பழக்கமில்லை. எந்தக் கையைத் தூக்குவது என்று தெரியாமல் இரண்டையும் தூக்கினான். உள்ளங்கைகளைத் தரையைப் பார்த்துத் திருப்பி, மெல்லக் கீழே இறக்கினான்.

விடு.

அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு முதலில் இடது காலை எடுத்தாள். அப்புறம் வலது காலை. அது தானாக வரவில்லை, கையால் தூக்கி எடுக்க வேண்டியிருந்தது.

கயிறு முனகிக்கொண்டு நீண்டது. வண்டி பின்னால் நாலு விரல் இறங்கி, நின்றது.

கண்ணாடியில், சக்கரத்துக்கும் பாறைக்கும் நடுவில், ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இன்னும் இடம் இருந்தது.